புதுப்பனியில் நடக்கக் கிளம்பும் முன்: தில்லியிலிருந்து செல்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தில்லித் தமிழருக்குப் பனி பெரும்பாலும் கைபேசிச் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. மணாலியில் இரண்டு நாளாகக் கொட்டுகிறது என்று வியாழக்கிழமை தெரிந்தால், வெள்ளி இரவே காஷ்மீரி கேட்டில் பேருந்து ஏறிவிடுகிறோம். வானம் வெளுத்துவிட்டதே என்று மனம் துணியும் அந்த முதல் நாள்தான் பனிச்சரிவுக்கு மிகவும் ஏதுவான நாள். புதுப்பனி பழைய அடுக்கோடு இறுகுவதற்குப் பொதுவாக 24 முதல் 48 மணி நேரமாவது வேண்டும். அடியில் சர்க்கரையைப் போல உதிரும் அடுக்கு இருந்தால் வாரக்கணக்கில்கூட இறுகாது.

ஆகவே முதற்படி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே எச்சரிக்கையைப் படிப்பது. பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற ஆய்வகம் இமயமலைப் பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை வெளியிடுகிறது. அபாயத்தை 1 முதல் 5 வரை அளப்பது உலக வழக்கம். மூன்று என்றால் பாதிதானே என்று எண்ண வேண்டாம். நான்கிலும் ஐந்திலும் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதால், உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றில்தான் நேர்கிறது.

அடுத்தது சரிவின் கோணம். புதியவர் ஒன்றே ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால் இதைக் கற்கட்டும். மாடிப்படிகளின் விளிம்புகளைத் தொடுமாறு ஒரு நீளமான கம்பைச் சாய்த்து, அதன்மேல் கைபேசியை வைத்து, ரசமட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து பாருங்கள். ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு 31 பாகை காட்டியது. பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் தொடங்குகின்றன என்பதால், நாம் பால் பையோடு ஏறி இறங்கும் அந்தச் சாய்வே போதுமானது. நீங்கள் நடக்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேலே அத்தகைய சரிவு இருந்தாலோ, மலைக்காரர்கள் நாலா என்று சொல்லும் ஓடைப் பள்ளத்துக்குள் நீங்கள் நின்றாலோ, ஆபத்து அதேதான்.

நடக்கும்போது கண்ணும் காதும் வேலை செய்யட்டும். அருகில் அண்மையில் சரிந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், ‘தொம்’ என்று பனி அமுங்கும் ஒலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். காற்று வாரிக்கொண்டுவந்து முகட்டின் மறுபுறம் குவித்த பனியும் நம்பத்தக்கதன்று. கடந்தே தீரவேண்டிய சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, கடப்பவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். வழிகாட்டி உடன் இருப்பது மட்டும் காப்பாகாது: 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது, பயிற்றுநர்களோடு சென்ற மலையேற்றக் குழுதான்.

கடைசியாகக் கருவிகள். ஒவ்வொருவரிடமும் ட்ரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தை வானொலி அலையால் காட்டும் கருவி), ப்ரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி), உலோக ஷவல் (பனியை அள்ளும் மண்வாரி) ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் சொற்பம். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிவதால், வெளியிலிருந்து மீட்புக் குழு வரும் வரை காத்திருக்க இயலாது. வாடகைக்கு எடுத்த ட்ரான்ஸீவரைப் பையில் இட்டு, பூங்காவில் ஒருவர் ஒளித்துவைக்க மற்றவர்கள் தேடிப் பழகுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியாத வரையில் பேருந்துச் சீட்டு காத்திருக்கட்டும்.