கெண்ட் ரிட்ஜ் வளாகப் பேருந்து: முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளும் முறை

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகம் ஒரு மலைமுகட்டின் மேலும் அதன் சரிவுகளிலும் பரந்து கிடப்பதால், இரண்டு வகுப்புகளுக்கு இடையில் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துப் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பிப்போகும். அதற்காகத்தான் வளாகப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் கட்டணம் இல்லை. அட்டையைத் தட்டவும் வேண்டியதில்லை. ஆனால் 95, 96, 151 போன்ற பொதுப் பேருந்துகளும் வளாகத்துச் சாலைகளில் வந்துபோகின்றன. அவற்றில் கட்டணம் உண்டு என்பதால், ஏறுமுன் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

முதல் படி, வழித்தடத்தை அறிந்துகொள்வது. கைப்பேசியில் ‘என்யூஎஸ் நெக்ஸ்ட்பஸ்’ செயலியை நிறுவிக்கொண்டால், எந்த நிறுத்தத்துக்கு எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பது தெரியும். ஏ1, ஏ2 என்ற இரண்டும் வளாகத்தை எதிரெதிர்த் திசைகளில் சுற்றுபவை. டி1, டி2 இரண்டுமே யூடவுனையும் (மாணவர் விடுதிகள் உள்ள ‘யுனிவர்சிட்டி டவுன்’ பகுதி) கணினியியல் புலத்தையும் இணைக்கின்றன. டி1 மத்திய நூலகத்தின் பக்கமாகவும், டி2 அறிவியல் புலம், கெண்ட் ரிட்ஜ் எம்.ஆர்.டி. (பெருவிரைவு ரயில்) நிலையம் ஆகியவற்றின் வழியாகவும் செல்லும். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அது எதன் வழியாகப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது மேல்.

இரண்டாம் படி, சாலையின் சரியான பக்கத்தில் நிற்பது. புதியவர்கள் பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல நிறுத்தங்களுக்கு நேர் எதிரில் இன்னொரு நிறுத்தம் உண்டு. அதன் பெயரின் தொடக்கத்தில் ‘எதிரே’ என்ற பொருளில் ‘ஆப்’ என்று எழுதியிருப்பார்கள். எம்.ஆர்.டி. நிலையத்தருகே இரு பக்கத்திலும் டி2 நிற்கும். ‘கெண்ட் ரிட்ஜ் எம்.ஆர்.டி.’ நிறுத்தத்தில் ஏறினால் யூடவுனுக்குப் போவீர்கள். ‘ஆப் கெண்ட் ரிட்ஜ் எம்.ஆர்.டி.’யில் ஏறினால் பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் விடுதியைக் கடந்து கணினியியல் புலத்துக்குப் போய்விடுவீர்கள். என் முதல் வாரத்தில் நான் இரண்டாவதைச் செய்தேன். எண் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தவன், பேருந்து ஒரு சுற்று சுற்றி வந்து அதே எம்.ஆர்.டி. நிலையத்தை மறுபக்கத்திலிருந்து காட்டியபோதுதான் விழித்துக்கொண்டேன். அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. சந்தேகமாக இருந்தால், “யூடவுன் போகுமா?” என்று ஓட்டுநரிடம் ஏறும்போதே கேட்டுவிடுங்கள், வண்டி நகர்ந்த பிறகு அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஏறுவது. வகுப்பு மாறும் வேளைகளில் யூடவுனிலும் எம்.ஆர்.டி. நிறுத்தத்திலும் வரிசை நீளும். வண்டி முழுவதுமாக நிற்கும்வரை நடைபாதையின் விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். கதவின் இருபுறமும் ஒதுங்கி நின்று இறங்குபவர்களுக்கு வழிவிட்டு, அதன் பிறகு ஏறுங்கள். மூடத் தொடங்கிய கதவுக்குள் கையையோ பையையோ நுழைத்துத் தடுப்பது ஆபத்து. மழைநாளில் குடையை வெளியிலேயே மடக்கி உதறிவிடுங்கள். ஈரமான தரையில் முதலில் வழுக்குவது பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் ஏறுபவருக்குத்தான்.

ஏறியதும் கதவருகே நின்றுவிடாமல் பின்பக்கம் நகருங்கள். நிறுத்தத்தில் பத்துப் பேர் ஏற முடியாமல் நிற்கும்போது வண்டியின் பின்பாதி காலியாக இருக்கும் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதுகுப்பையைக் கழற்றிக் கால்களுக்கிடையே வையுங்கள். பையைச் சுமந்திருப்பவருக்கு அதன் அகலம் தெரிவதில்லை. அவர் திரும்பும்போது அது உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிடும். இருக்கையில் பையை வைத்து நண்பருக்கு இடம் பிடிப்பதும் கூடாது. உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து ‘சோப்’ செய்யும், அதாவது இடம் பிடித்துவைக்கும் வழக்கத்தைப் பேருந்துக்குக் கொண்டுவர வேண்டாம். ஊன்றுகோலுடன் வருபவர், கருவுற்றவர், முதியவர் ஆகியோருக்கு, அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுந்து இடம் கொடுங்கள்.

நின்றுகொண்டு பயணிப்பவர்கள் ஒரு கையால் கம்பியையோ தொங்கும் பிடியையோ பிடித்தே ஆக வேண்டும். சாலைகள் ஏறி இறங்கி வளைபவை; இரு கைகளாலும் கைப்பேசியைப் பிடித்திருப்பவர் முதல் வளைவிலேயே பக்கத்தில் இருப்பவர் மடியில் விழுவார். எம்.ஆர்.டி. ரயிலில் உண்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதை அறிந்து அங்கே கவனமாக இருப்பவர்கள்கூட, வளாகப் பேருந்தில், கடையில் வாங்கிய ‘தே’ பையின் கயிற்றை விரலில் மாட்டியபடி ஏறுகிறார்கள். பால் கலந்த சூடான தேநீர் நிரம்பிய மெல்லிய நெகிழிப் பை அது. வண்டி ஒருமுறை குலுங்கினால் அடுத்தவரின் மடிக்கணினிப் பை நனைந்துவிடும். குடித்து முடித்துவிட்டு ஏறுங்கள். காதொலிப்பான் இல்லாமல் காணொளி பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

மாலை நேரம் முற்றியபின்னும் விடுமுறைக் காலத்திலும் வண்டிகள் குறையும். நூலகத்தில் நெடுநேரம் இருக்கப் போகும் நாளில், உங்கள் தடத்தின் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இறங்கும்போது, உங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே கதவை நோக்கி மெல்ல நகரத் தொடங்குங்கள். கூட்டமாக இருந்தால் “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொன்னாலே வழிவிடுவார்கள். இறங்கியதும் நின்றிருக்கும் பேருந்தின் முன்னால் சாலையைக் கடக்க வேண்டாம். அதை முந்திவரும் வாகனத்தின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பேருந்து புறப்பட்டுப் போகும்வரை நின்றிருந்து, வரிக்குதிரைக் கடப்புக்கு நடந்து சென்று கடந்துகொள்ளுங்கள்.