குடும்பப் பொருளியல் படிக்க வருகிறவர்களுக்கு

நான் பட்டப்படிப்புக்குக் குடும்ப, நுகர்வோர் பொருளியலைத் தேர்ந்தெடுத்தபோது உறவினர் ஒருவர் கேட்டார்: "வீட்டுக் கணக்கு எழுத ஒரு பட்டமா?" அன்று வாயடைத்து நின்றேன். இப்போது அதே பாடத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அந்தக் கேள்விக்கு என் பதில்: ஆமாம், வீட்டுக் கணக்குதான். அதை உள்ளபடி எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ஆகவே பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். நான்கு வாரம், செலவு செய்த அந்த நிமிடமே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதக் கூடாது. என் முதல் மாதக் கணக்கில் 'இதர செலவு' மூன்றாவது பெரிய தொகையாக வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால், எழுத வெட்கப்பட்ட செலவுகளையெல்லாம் அதற்குள் ஒளித்துவைத்திருந்தேன். என் நோட்டிலேயே நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்றால், முன்பின் தெரியாத ஒருவர் வினாப்பட்டியலோடு வந்து கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்? கணக்கெடுப்பு முறைகள் என்ற பாடத்தின் பாதி எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

நோட்டு நிரம்பிய பிறகு ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கலைப் படியுங்கள். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை வைத்து 1857இல் அவர் சொன்னது, வருமானம் கூடக்கூட அதில் உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்பது. பங்குதான் குறைகிறது, தொகை கூடவே செய்யலாம். தேர்வில் ஆண்டுதோறும் இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: நேரம். பணத்தை மட்டும் எழுதினால் வீட்டில் நடக்கும் உற்பத்தியில் பெரும்பகுதி கண்ணுக்கே படாது. பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934இல் இதற்கு ஓர் எளிய சோதனை கொடுத்தார்: ஒரு வேலையைக் கூலிக்கு வேறொருவரை வைத்துச் செய்துகொள்ள முடியுமானால் அது உற்பத்தி. துணி துவைப்பது உற்பத்தி. நீங்கள் தூங்குவது அல்ல, ஏனென்றால் உங்களுக்காக வேறு யாரும் தூங்க முடியாது. 1965இல் இன்னொரு பொருளியலாளர் கேரி பெக்கர் நேரத்துக்கும் விலை உண்டு என்பதைக் கோட்பாடாகவே எழுதினார். அந்தக் கட்டுரையை முதல் ஆண்டில் தொடாதீர்கள், கணிதம் மிரட்டும். ரீட் போதும்.

நேரப் பத்தியை வீட்டில் இன்னொருவரையும் நிரப்பச் சொல்லுங்கள். என் அம்மா ஒரு நாள் கணக்கில் மூன்று இடங்களில் 'சும்மா இருந்தேன்' என்று எழுதியிருந்தார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "பாட்டி அறை வாசலில்தான். எழுந்தால் விழுந்துவிடுவாரே." மூன்று இடங்களையும் கூட்டினால் நான்கு மணி நேரம். கையால் எதுவும் செய்யாமல், ஆனால் நகரவும் முடியாமல் கழிகிற இந்தக் காவல் நேரத்தை எப்படி அளப்பது என்பது ஆய்வாளர்களுக்கே தலைவலி. எனக்கு அது வீட்டு வாசலில் கிடைத்தது.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஓர் அறிவுரை: நுண்பொருளியலையும் புள்ளியியலையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். குடும்ப உறவுகள், நுகர்வோர் சட்டம் ஆகியவற்றைச் சொந்தமாகப் படித்துக்கூடப் பிடித்துவிடலாம். புள்ளியியலைத் தள்ளிப்போட்டவர்கள் இறுதியாண்டு ஆய்வில் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பங்களை ஒப்பிடும்போது வருமானத்தைத் தலைகளால் வகுத்துவிடுகிற பழக்கத்தையும் விடுங்கள். நான்கு பேருக்கு நான்கு விளக்கு வேண்டியதில்லை. பரவலாகப் புழங்கும் ஓர் அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழான குழந்தைக்கு 0.3. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்றால் 2.1. மாதம் 42,000 வரும் அந்த வீடு, வருமானத்தை 2.1ஆல் வகுத்தால், தனியாக வாழ்ந்து 20,000 சம்பாதிப்பவருக்குச் சமம். தலைக்கணக்கில் 10,500 என்று போட்டிருந்தால் அதை ஏழை வீடாக்கியிருப்பீர்கள்.

கடன் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். நான் தவணையில் மடிக்கணினி வாங்கியபோது விற்றவர் "பத்து சதவீதம்தான்" என்றார். கடன் 12,000, வட்டி 1,200, மாதம் 1,100 வீதம் பன்னிரண்டு தவணை. சரியாகத்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் குறையும் நிலுவை பற்றிப் படித்த அன்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக என் கையில் இருந்த கடன் பாதியை ஒட்டித்தான். ஆனால் வட்டி மட்டும் முழு 12,000க்கும். உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். பொய் என்று எதையும் அவர் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோர் உரிமைகளைப் பட்டியலிட்டபோது தகவல் பெறும் உரிமையை ஏன் சேர்த்தார் என்று அன்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

களப்பணிக்குப் போகும்போது உங்கள் வினாப்பட்டியலை முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். நான் "மாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் "ஒன்றுமில்லை" என்றார்கள். அவர்களில் பலர் வீட்டுக் கடனின் அசலை ஒழுங்காக அடைத்துவந்தார்கள். கடன் குறைந்தால் நிகரச் சொத்து, அதாவது சொத்தில் கடனைக் கழித்த மீதி, கூடுகிறது. பொருளியலில் அதுவும் சேமிப்புதான். கேள்வியை இரண்டாகப் பிரித்து மறுபடியும் எல்லா வீட்டுக்கும் நடந்தேன். கணவனும் மனைவியும் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு இரண்டு விடை வரும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டில் மூன்றாவது வாரம் கை சலிக்கும். விட்டுப்போன நாட்களைப் பிறகு நினைவிலிருந்து நிரப்பாமல் பக்கத்தை வெறுமையாகவே விடுங்கள்.