25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் நோய்த்தடுப்புச் செல்களை அடக்கும் பாதை: தாளில் வரைந்து கற்கும் முறை

கொலஸ்ட்ராலில் இருந்து உருவாகி நோய்த்தடுப்புச் செல்களின் வேகத்தைக் குறைக்கும் பொருள்களுள் கார்ட்டிசாலைப் பலரும் அறிவர். ஆனால் அது அட்ரீனல் சுரப்பியில் உருவாகி இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்வதால், புதிதாகப் படிப்பவருக்கு அதன் பாதை நீண்டுவிடும். கிருமிகளை விழுங்கும் நோய்த்தடுப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் தாமே தயாரிக்கும் 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலின் பாதையோ ஒரே தாளில் அடங்கிவிடும் என்பதால் அதையே இங்கே வரைவோம்.

முதலில், மூன்று அறுகோணங்களையும் ஓர் ஐங்கோணத்தையும் ஒட்டி வரைந்து, ஐங்கோணத்தில் இருந்து எட்டு கார்பன் கொண்ட வாலை நீட்டுங்கள். வளையங்களோடு ஒட்டிய இரண்டு மெத்தில் கார்பன்களையும் சேர்த்தால் மொத்தம் 27 கார்பன்கள் வரும்; இதுவே கொலஸ்ட்ராலின் கட்டமைப்பு. வாலின் நுனியில் கிளை பிரியும் இடம் 25ஆவது கார்பன். அங்குள்ள ஹைட்ரஜனை அழித்துவிட்டு ஹைட்ராக்சில் தொகுதியை (OH) எழுதினால் நமக்கு வேண்டிய மூலக்கூறு கிடைத்துவிடும். கூடியிருப்பது ஒரேயோர் ஆக்சிஜன் அணுதான்.

அடுத்து, இந்த மாற்றத்தைச் செய்யும் கொலஸ்ட்ரால் 25-ஹைட்ராக்சிலேஸ் நொதியை அம்புக்குறியின் மேல் எழுதுங்கள். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருளை மேக்ரோஃபேஜ் உணர்ந்ததும் முதல் வகை இன்டர்ஃபெரான் என்னும் சைகைப் புரதம் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் இந்த நொதியின் அளவு உயர்கிறது. தாக்குதலைத் தொடங்கும் அதே சைகை, அதற்கான கடிவாளத்தையும் சேர்த்தே தயாரிக்கிறது.

மூன்றாவது படியில் அவசரப்பட வேண்டாம். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறையும்போது, எண்டோபிளாச வலையில் உள்ள எஸ்ஆர்இபிபி-2 என்னும் புரதத்தை ஸ்கேப் என்ற துணைப் புரதம் கோல்கை உறுப்புக்கு அழைத்துச் செல்லும். அங்கு வெட்டப்பட்ட துண்டு உட்கருவுக்குள் நுழைந்து கொலஸ்ட்ரால் தயாரிக்கும் ஜீன்களை இயக்கும். 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலோ இன்சிக் என்ற புரதத்தோடு பிணைகிறது. இன்சிக் ஸ்கேப்பைப் பிடித்துக்கொள்வதால், இந்தப் பயணம் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. எனவே ஸ்கேப்புக்கும் கோல்கைக்கும் இடையே அம்புக்குறியை வரையாமல், தடையைக் காட்டும் குறுக்குக்கோட்டை வரையுங்கள்.

இத்தடையின் விளைவுகளை எழுதத் தாளின் அடிப்பகுதியை ஒதுக்குங்கள். இந்த நொதி இல்லாத எலிகளின் மேக்ரோஃபேஜ்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மிகுதியாகச் சுரந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிளவுபட்டுப் பெருகும் டி செல் என்னும் நோய்த்தடுப்புச் செல்லுக்குப் புதிய சவ்வு தேவை. எஸ்ஆர்இபிபி வழி அடைபட்டால் அதன் வளர்ச்சி தடுமாறும். பி செல்கள் ஐஜிஏ எதிர்ப்பொருளைத் தயாரிப்பதையும் இம்மூலக்கூறு குறைக்கிறது என்பது 2009இலேயே தெரியவந்தது. (இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் கொலஸ்ட்ரால் எண்ணை வைத்து இவற்றில் எதையும் கணிக்க முடியாது.)

இறுதியாக, 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலில் இருந்து வேறு நிறத்தில் ஒரு கிளை வரையுங்கள். 7ஆவது கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்தால், அதே மூலக்கூறு பி செல்களின் மேற்பரப்பில் உள்ள இபிஐ2 என்னும் ஏற்பியின் வழியாகப் பி செல்களைத் தன்பால் ஈர்க்கும் பொருளாகிவிடுகிறது. ஆகவே இந்தக் கிளையில் குறுக்குக்கோடு வராது, அம்புக்குறியே வரும்.