பேயோட்டும் படத்தின் அடுத்த பாகம்: அரங்கின் எதிர்வினையைக் குறித்தெடுக்கும் முறை

பேய் பிடித்தல் பற்றிய ஒரு படத்துக்கு அடுத்த பாகம் வந்துவிட்டால், முதல் நாள் இரவுக்குள் "தியேட்டரே அலறியது" என்பதும் "சிரிப்புதான் வந்தது" என்பதும் சேர்ந்தே காதில் விழும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்த நிமிடத்தில் அலறினார்கள், எந்த இடத்தில் எப்படிச் சிரித்தார்கள் என்று குறித்து வைத்தவருக்குத்தான் இரண்டும் எப்படி ஒரே படத்தில் பொருந்துகின்றன என்று தெரியும். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும், திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்களுக்கும், சொந்தமாகத் திகில் குறும்படம் எடுத்துத் திரையிட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இந்த முறை பயன்படும்.

உள்ளே போகும் முன்

சிறு நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, முள் ஒளிரும் கைக்கடிகாரம். இவை போதும். இருட்டில் பேனா மை வராமல் நின்றால் தெரியாது. பென்சிலில் அந்தத் தொல்லை இல்லை. கைபேசியை வெளியே எடுக்கவே வேண்டாம். அதன் வெளிச்சம் பக்கத்து இருக்கைக்காரரின் பயத்தைக் கலைத்துவிடும், நீங்கள் அளக்க வந்ததையே நீங்கள் கெடுத்ததாகிவிடும். அதோடு இந்தியாவில் திரையரங்குக்குள் படத்தைப் பதிவு செய்வது குற்றம். 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. "மக்கள் சத்தத்தை மட்டும்தான் பதிவு செய்தேன்" என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள்.

இருக்கையைக் கடைசி வரிசையில், ஓரத்திலிருந்து மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எடுங்கள். தலைகள் குனிவதும், கைகள் முகத்துக்குப் போவதும், யார் எழுந்து போகிறார் என்பதும் அங்கிருந்து தெரியும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் சுற்றியுள்ள பத்துப் பேரின் சத்தமே முழு அரங்கின் சத்தம்போலக் கேட்கும்.

தணிக்கைச் சான்றிதழ் மறைந்து படத்தின் முதல் காட்சி தோன்றும்போது நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஒரு பக்கம் திருப்பிவிடுங்கள். இருட்டில் ஒரு வரிமேல் இன்னொரு வரி எழுதிவிடுவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. குறியீடுகள் ஓரெழுத்தாக இருக்கட்டும்: அலறலுக்கு அ, சிரிப்புக்கு சி, முழு அமைதிக்கு மௌ, சலசலப்புக்கு ச, வெளியேறுவோருக்கு வெ. பக்கத்தில் ஓர் எண்: சிலர் என்றால் 1, பாதி அரங்கு 2, முழு அரங்கு 3. "47 சி2" என்று எழுத ஒரு நொடிகூட ஆகாது.

அலறலை நம்பாதீர்கள்

திடீர்ச் சத்தத்துக்கு உடல் துள்ளுவது அனிச்சைச் செயல். அமைதியான காட்சியில் கதவு படாரென அடித்தால், படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அரங்கு துள்ளும். ஆகவே அ3 பத்து இடத்தில் விழுந்திருக்கிறது என்பதற்காகப் படம் பிடித்திருக்கிறது என்று எழுதிவிட முடியாது. ஒலிக்கலவை செய்தவர் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்பது வரைதான் அது சொல்லும்.

அமைதிதான் நல்ல அளவுகோல். பாப்கார்ன் உறையின் சரசரப்பு, இருமல், பக்கத்தில் குசுகுசுப்பு எல்லாம் நின்று, அடுத்து என்ன வரும் என்று அரங்கே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் நொடிகளைக் குறியுங்கள். 'எக்சார்சிஸ்ட்' என்ற ஹாலிவுட் பேயோட்டும் பட வரிசையில், வில்லியம் பீட்டர் பிளாட்டி இயக்கி 1990-இல் வந்த 'எக்சார்சிஸ்ட் 3' படத்தின் மருத்துவமனை நடைவழிக் காட்சி இதற்குச் சரியான பாடம். கேமரா பெரும்பாலும் தூரத்திலேயே அசையாமல் நிற்கிறது. ஒரு செவிலியர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அறைக்கறை போய்வருகிறார். நீண்ட நேரம் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பெரிய அலறல் வருவது ஒரே ஒரு முறைதான். அந்த அலறலுக்கு வலுக் கொடுத்தது அதற்கு முந்தைய மௌனம். உங்கள் குறிப்பில் மௌ இல்லாமல் அ மட்டும் வரிசையாக இருந்தால், படம் பயத்தைக் கட்டியெழுப்பாமல் சத்தத்தை மட்டும் நம்பியிருக்கிறது என்று பொருள்.

சிரிப்பை மூன்றாகப் பிரியுங்கள்

வேலை இங்கேதான் நுட்பமாகிறது. முதல் வகை, துள்ளலுக்கு அடுத்த ஓரிரு நொடியில் அரங்கு முழுக்க ஒன்றாக எழுந்து உடனே அடங்கும் சிரிப்பு. உடலின் இறுக்கம் தளர்வதால் வருவது, படத்துக்குச் சாதகமானது. இரண்டாவது, இயக்குநரே கேட்டு வாங்கும் சிரிப்பு. 'காஞ்சனா' வரிசையைப் போலப் பயமும் நகைச்சுவையும் கலந்த படங்களில் பழகிய தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இது இயல்பு. அதே பழக்கத்தோடு அவர்கள் ஹாலிவுட் படத்துக்கும் வருகிறார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாவது கேலிச் சிரிப்பு. ஒரு மூலையில் தொடங்கும், வசனத்தின் மேலேயே வரும், மெல்லப் பரவும். அடையாளம் இதுதான்: அதே மாதிரிக் காட்சி மறுபடி வரும்போது, அது முடியும் முன்பே சிரிப்பு வந்துவிடும். அதன் பிறகு அந்த அரங்கைப் படத்தால் திரும்பப் பிடிக்க முடிவதில்லை. முதல் கேலிச் சிரிப்பு விழுந்த நிமிடத்தை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் அதிலிருந்துதான் விளக்குவீர்கள்.

1977 ஜூனில் அமெரிக்காவில் வெளியான 'எக்சார்சிஸ்ட் 2: தி ஹெரட்டிக்' படத்துக்கு நேர்ந்தது இதுவே. 1973-இல் வந்த முதல் படம் மக்களை நடுங்க வைத்திருந்தது, 10 ஆஸ்கர் பரிந்துரைகளும் பெற்றிருந்தது. அதே நடுக்கத்தைத் தேடி வந்தவர்களுக்கு இயக்குநர் ஜான் பூர்மன் மனவசியக் கருவியும் வெட்டுக்கிளிகளும் கொண்ட ஒரு தத்துவத் தேடலைக் கொடுத்தார். அரங்குகள் சிரித்தன. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூர்மன் அதை வெட்டி மாற்றினார். ஆனால் சிரிக்க வைத்த காட்சிகளை நீக்கியும் பயன் இல்லை. வந்தவர்கள் எதிர்பார்த்ததும் படம் கொடுக்க நினைத்ததும் வேறு வேறாக இருந்ததுதான் கோளாறு. அது கத்தரிக்கோலால் சரியாவதில்லை.

தலைப்பும் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. மூன்றாம் பாகத்துக்குத் தன் நாவலின் பெயரான 'லீஜியன்' என்பதையே வைக்க பிளாட்டி விரும்பினார். 'எக்சார்சிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டுப் பேயோட்டும் சடங்கைக் காட்டாமல் இருக்க முடியாது என்று தயாரிப்புத் தரப்பு கருதியதால், ஒரு பாதிரியாரைப் புதிதாகச் சேர்த்து முடிவை மீண்டும் எடுத்தார்கள். இதனால், படத்துக்குள் நுழைகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரே கேள்வி கேட்டு வைப்பது பெரும் உதவி: "இதில் என்ன இருக்கும் என்று வந்திருக்கிறீர்கள்?"

நம் ஊர் அரங்கில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

இடைவேளை. ஆங்கிலப் படங்கள் இடைவேளையை நினைத்து எடுக்கப்படுவதில்லை. இங்கே நடுவில் வெட்டி நிறுத்தும்போது, அரை மணி நேரமாகச் சேர்ந்த பயம் சமோசா வரிசையில் கரைந்துவிடுகிறது. கடிகாரக் கணக்கை அங்கே நிறுத்துங்கள். மறுபடி தொடங்கிய முதல் 10 நிமிடத்தின் சலசலப்பைப் படத்தின் தலையில் போடாதீர்கள்.

மொழிமாற்றம். பேய் பிடித்தவர் பற்றிய படத்தில் குரலே பாதி நடிப்பு. 1973-இன் முதல் 'எக்சார்சிஸ்ட்' படத்தில் சிறுமிக்குள் இருந்து பேசும் பேயின் குரலை மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை கொடுத்தார்; அந்தக் குரல் இல்லாமல் அந்தச் சிறுமியின் முகம் அவ்வளவு பயமுறுத்தியிருக்காது. தமிழ் ஒலிமாற்றத்தில் குரல் சறுக்கினால் கேலிச் சிரிப்பு நிச்சயம், அது மூலப் படத்துக்குக் கிடைத்த சிரிப்பு ஆகாது. முடிந்தால் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு காட்சி பாருங்கள். முடியாவிட்டால் எந்த மொழியில் பார்த்தது என்று குறிப்பின் மேலேயே எழுதுங்கள்.

வாசலில் கேட்பது

படம் முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் கேளுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியே கேளுங்கள். நாலு பேரைச் சேர்த்து நிறுத்தினால் முதலில் பேசியவர் கருத்தே நால்வருடையதும் ஆகிவிடும். 20 முதல் 30 பேர் போதும். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால், இளைஞர்கள் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "எந்தக் காட்சி இன்னும் கண்ணுல நிக்குது?" என்று கேளுங்கள். அடுத்து, "முதல் பாகம் பாத்திருக்கீங்களா?" பிறகு, "யாருக்குச் சொல்வீங்க, என்னன்னு சொல்வீங்க?" முதல் பாகம் பார்த்தவர், பார்க்காதவர் என்று விடைகளை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். பார்த்தவர்கள் மட்டும் கோபமாக இருந்தால், பழைய பாத்திரத்தை நடத்திய விதத்திலோ, பேயின் விதிகளை மாற்றியதிலோ சிக்கல் இருக்கும். இரு தரப்பும் சோர்ந்திருந்தால், திரைக்கதையே தளர்ந்திருக்கிறது.

எண்களைப் படிப்பது

அமெரிக்காவின் சினிமாஸ்கோர் நிறுவனம் முதல் நாள் அரங்கை விட்டு வருகிறவர்களிடம் அட்டை கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் வாங்குகிறது. திகில் படங்களுக்கு இது பெரும்பாலும் தாழ்வாகவே வரும். பயந்து, கலங்கி வெளியே வருகிறவர் தாராளமாக மதிப்பெண் போடுவதில்லை. 'தி கான்ஜுரிங்' படமும் அதன் இரண்டாம் பாகமும் ஏ மைனஸ் வாங்கியது அதனால்தான் பெரிய செய்தி. 2012-இன் 'தி டெவில் இன்சைட்' எஃப் வாங்கியது. முடிவைச் சொல்லாமல், மேலும் அறிய இணையதளத்தைப் பாருங்கள் என்று ஓர் அட்டையோடு படம் நின்றுபோனதே முக்கியக் காரணம். முதல் வார இறுதியில் 3.3 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படம், அடுத்த வார இறுதியில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

அடுத்த பாகங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. முதல் நாள் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த வரிசையை நேசிப்பவர்கள். அவர்கள் கொடுக்கும் சி மதிப்பெண், புதிய படத்துக்கு முன்பின் அறியாதவர்கள் கொடுக்கும் சி மதிப்பெண்ணைவிடக் கடுமையானது. 2023 அக்டோபரில் வந்த 'தி எக்சார்சிஸ்ட்: பிலீவர்' அந்த சி மதிப்பெண்ணைத்தான் வாங்கியது. சுமார் 40 கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கித் திட்டமிட்ட மூன்று படங்களில் அது முதலாவது. அந்தத் திட்டம் அப்படியே தொடரவில்லை, இயக்குநரும் மாறினார்.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தின் சதவீதத்தைச் சராசரி மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளும் தவறு இன்னும் நடக்கிறது. அது எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற கணக்கு. எவ்வளவு பிடித்தது என்று அது சொல்லாது. பார்வையாளர் பகுதியில் 5-க்கு 3.5 நட்சத்திரமும் அதற்கு மேலும் இருந்தால்தான் "பிடித்தது" என்று சேரும்.

இவ்வளவும் சேர்ந்த பின், இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு அதே நோட்டோடு மறுபடி போங்கள். முதல் நாளின் ஆர்ப்பாட்டம் அங்கே இருக்காது. முதல் நாள் மௌ3 விழுந்த அதே நிமிடத்தில் அன்றும் மௌ விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தக் காட்சியைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.