கே என்று சொல்லிக்கொண்டே காமெடி மேடை ஏற நினைக்கிறவர்களுக்கு

தான் கே (ஆண்களை விரும்பும் ஆண்) என்று முதல் தடவை மேடையில் பேசப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எப்போ சொல்றது, செட்டோட (மேடையில் பேசத் தயார் செய்த காமெடித் தொகுப்பு) ஆரம்பத்திலயா, கடைசியிலயா? அதற்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி, மேடைக்கு வெளியே இது யார் யாருக்குத் தெரியும்? ஓபன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற மேடையில், இருபது பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவர் கையில் போன் இருக்கும், அவர் எடுத்த ஒரு நிமிட வீடியோ நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் உங்கள் அக்காவின் வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கும். அதனால் வீடியோ மூலமாகத் தெரிந்துகொள்ளக்கூடாத ஆள் என்று யாராவது இருந்தால் முதலில் அவரிடம் நேரில் பேசுங்கள். தங்கும் இடத்துக்கோ படிப்புச் செலவுக்கோ நீங்கள் நம்பியிருக்கிறவர்கள் இதைக் கேட்டதும் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், எழுதி வையுங்கள், இப்போதைக்கு மேடையில் பேச வேண்டாம்.

காத்திருப்பது கோழைத்தனம் இல்லை. அமெரிக்க காமெடியன் வாண்டா சைக்ஸ் 1980-களின் கடைசியில் மேடை ஏறியவர், தான் லெஸ்பியன் (பெண்களை விரும்பும் பெண்) என்று பொதுவெளியில் சொன்னது 2008 நவம்பரில், லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பேரணியில். தன்பாலினத் திருமணத்துக்குக் கலிஃபோர்னியாவில் தடை வந்த கையோடு நடந்த பேரணி அது. இருபது வருடம் அவர் கட்டி வைத்திருந்த பார்வையாளர்கள் அதற்கப்புறமும் அவர்கூடவே இருந்தார்கள்.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு அமெரிக்க காமெடியன் எல்லன் டிஜெனரஸ், தான் லெஸ்பியன் என்று 1997 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார், அவருடைய டிவி தொடரின் கதாபாத்திரமும் அதே மாதம் சொன்னது, அடுத்த வருடமே தொடர் நின்றுபோனது. அவர் திரும்பப் போய் நின்றது மைக்கோடு தனியாக நிற்கிற ஸ்டாண்ட்-அப் மேடையில்தான், பேச்சு நிகழ்ச்சி வந்ததெல்லாம் 2003-ல். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: வருமானம் மொத்தத்தையும் ஒரே முதலாளியின் கையில் கொடுக்காதீர்கள், மைக்கைப் பிடிக்கிற பழக்கத்தை எந்தக் காலத்திலும் விட்டுவிடாதீர்கள்.

சரி, எப்போது சொல்வது? முதல் ஒரு நிமிடத்துக்குள். நீங்கள் யார் என்று ஊகித்துக்கொண்டிருக்கிற கூட்டம் சிரிப்பதில்லை, அதன் கவனம் முழுக்க உங்கள் குரலிலும் கையசைவிலும் இருக்கும். ஆனால் அதை ஒரு பஞ்ச் மாதிரி இறக்காதீர்கள், வயது சொல்வது போல ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். அந்த இடத்தில் நிறுத்தினால், எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் மொத்தக் கூட்டமும் உங்கள் முகத்தைப் பார்க்கும், உங்கள் முகம் இறுகினால் அவர்களும் இறுகிவிடுவார்கள். "நான் கே" என்றதுமே எழுகிற சிரிப்பை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பதற்றத்தில் வருவது, அதை நம்பிச் செட்டு கட்டினால் அடுத்த ஊரில் அது வராது.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் மேடை ஏறிய முதல் வருடம் என் நடையையும் குரலையும் நானே நடித்துக் காட்டுவேன், அரங்கம் அதிரும். ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. பள்ளி வராந்தாவில் என் பின்னால் வந்த அதே சிரிப்பு. அன்று அவனுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது நான்தான். அன்றிரவு என் செட்டில் இருந்த ஒவ்வொரு ஜோக்கையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் "இதில் சிரிப்பு யார் மேல் விழுகிறது" என்று குறித்தேன். பதினொன்றில் எட்டு என் மேலேயே விழுந்தது, அந்த எட்டையும் தூக்கிவிட்டேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலிய காமெடியன் ஹன்னா கேட்ஸ்பி இதைத்தான் 2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த தன் நிகழ்ச்சியில் உலகத்துக்கே விளக்கினார். அவர் வளர்ந்த டாஸ்மேனியா என்ற ஆஸ்திரேலிய மாநிலத்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது 1997 வரை குற்றம். ஏற்கனவே ஓரத்தில் தள்ளப்பட்டவர் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு சிரிக்க வைப்பது பணிவு ஆகாது, அவமானம் என்பது அவர் வாதம். தொழில்நுட்பமாகவும் ஒன்று சொன்னார்: ஜோக்குக்குத் தொடக்கமும் நடுவும் போதும், கதைக்கு முடிவும் வேண்டும். சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்துவதற்காக, தான் அடிவாங்கிய சம்பவத்தின் மீதியை அவர் வருடக்கணக்கில் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

அப்போ எதைத்தான் ஜோக் ஆக்குவது? உங்களைச் சுற்றி நடப்பதை. நான் தூக்கிய எட்டுக்குப் பதிலாக முதலில் எழுதியது இது: "நான் கே என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். அதற்கு முன்னாலும் நாங்கள் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பேசுவோம், அதனால் அவர் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு." இதில் சிரிப்பு விழுவது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற அந்த மௌனத்தின் மேல். கே என்ற சொல்லையே முதல் தடவை கேட்கிறவருக்கும் அந்த மௌனம் தெரியும். இன்னொரு வழி, நிலைமையைப் புரட்டிப் போடுவது. வாண்டா சைக்ஸ், தான் கறுப்பினத்தவர் என்பதைப் பெற்றோரிடம் பயந்து பயந்து வெளிப்படுத்த வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டுவார். அவரைப் பற்றி எந்த இழிவும் அதில் இல்லை, அந்தச் சடங்கு எவ்வளவு அபத்தம் என்பது மட்டும் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்தவர் ரகசியத்தைத் தொடாதீர்கள். முன்னாள் காதலன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்றால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது, வேலை, ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றுங்கள், மாற்றிய பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆறாத காயம் வேறு விஷயம். அமெரிக்க காமெடியன் ஜெராட் கார்மைக்கேல் 2022-ல் ஒரு ஜாஸ் கிளப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, தான் கே என்பதையும் தன் குடும்பத்தின் ரகசியங்களையும் பேசினார், இடையிடையே நீண்ட மௌனம், கூட்டத்திலிருந்து கேள்வி வந்தால் அதற்கும் பதில். அதன் எழுத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது. இன்னொரு அமெரிக்க காமெடியன் டிக் நோட்டாரோ 2012-ல் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களிலேயே மேடை ஏறி அதைப் பேசினார். இரண்டும் எனக்கு உயிரான நிகழ்ச்சிகள், ஆனால் இரண்டு பேருக்கும் பின்னால் பல வருட மேடை இருந்தது, எவ்வளவு நேரம் மௌனமாக நின்றால் கூட்டம் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் ஒரு நண்பரிடம் அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைத்தால் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

நிகழ்ச்சி அன்று சில விஷயங்கள். தொகுப்பாளரிடம் முன்கூட்டியே போய், "கே காமெடியன்" என்று அறிமுகம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் முதல் நிமிடத்தை அவர் எடுத்துக்கொள்ளக்கூடாது. கீழேயிருந்து ஒருவர் கத்தினால் உங்கள் குரலை இறக்குங்கள், ஏற்றாதீர்கள். ஒரு பதில் கையில் தயாராக இருக்கட்டும். அவர் உடம்பையோ உடையையோ கிண்டல் செய்கிற பதில் மட்டும் வேண்டாம், கூட்டம் சட்டென்று அவர் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாவது தடவையும் கத்தினால் தொகுப்பாளருக்குச் சைகை காட்டுங்கள், அதற்கான சைகையை முன்பே பேசி வையுங்கள். முடிந்ததும் தனியாக வெளியே போகாதீர்கள். வெளிநாட்டு அழைப்பு வந்தால் முதலில் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள், இன்றும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலின உறவு குற்றம்தான்.

செட்டை ரெண்டு விதமான அறையில் ஓட்டிப் பாருங்கள். நம்மவர்கள் நிறைந்த அறையில் எதையும் விளக்க வேண்டியதில்லை, பொது அறையில் விளக்க வேண்டும், விளக்குகிற ஒவ்வொரு வரியும் சிரிப்பைத் தள்ளிப்போடும். ரெண்டிலும் ஓடுகிற ஐந்து நிமிடம் கிடைத்துவிட்டால் அதுதான் உங்கள் செட்டு. மேடையே கிடைக்கவில்லையா, மூணு பேர் சேர்ந்து சொந்தமாக நடத்துங்கள். 1994-ல் அமெரிக்காவின் டுநைட் ஷோ என்ற டிவி பேச்சு நிகழ்ச்சியில் கே என்பதை மறைக்காமல் ஸ்டாண்ட்-அப் செய்த முதல் ஆள் பாப் ஸ்மித், அவரும் அதற்கு முன்பே இரண்டு கே காமெடியன்களோடு சேர்ந்து ஒரு குழுவாக மேடை ஏறிக்கொண்டிருந்தவர்தான்.

பணம் வரும் நிகழ்ச்சிகளில் ஒரு கோரிக்கை கண்டிப்பாக வரும். "குடும்பத்தோட வர்றாங்க, அந்தப் பகுதியை மட்டும் விட்டுடுங்க." எனக்கு முன்னால் பேசியவர் தன் மனைவியுடன் படுக்கையில் நடந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார், நான் பேச இருந்தது யார் பாத்திரம் கழுவுவது என்று எனக்கும் என் துணைவருக்கும் நடந்த சண்டையைத்தான். ஏற்பாட்டாளருக்கு என்னுடையதுதான் குடும்பத்துக்கு ஆகாததாகத் தெரிந்தது. அன்று பணம் தேவைப்பட்டதால் விட்டுக்கொடுத்தேன், இன்னமும் அது உறுத்துகிறது. அதனால் எதை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.