திசைகாட்டி முள் ஏன் அசையவில்லை?

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு, 1820-இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கண்ட சோதனை. கம்பியில் மின்சாரம் போனால் அடியிலிருக்கும் திசைகாட்டி முள் திரும்ப வேண்டும். எங்கள் முள் மூன்று நாளாக அசையவே இல்லை. 12 வோல்ட் பைக் பேட்டரி, 35 வாட் ஹெட்லைட் பல்ப். பல்ப் பளிச்சென்று எரிகிறது, அதாவது ஏறக்குறைய 3 ஆம்பியர் ஓடுகிறது.

கம்பியை மாற்றினேன், திசைகாட்டியை மாற்றினேன். வீடு சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கம். பக்கத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது உண்டே என்று அதன் மேலும் பழி போட்டேன். வீண்பழி. சுவிட்ச் போடாதபோது முள் ஒழுங்காக வடக்கைத்தான் காட்டியது.

துப்பு கொடுத்தது ஒரு சின்ன விஷயம். மேசையைத் தட்டினால் முள் படபடவென்று ஆடி நின்றது. பேட்டரி முனைகளை மாற்றிப் போட்டுத் தட்டினால் சோம்பலாக ஆடியது. சரி, கம்பியின் காந்தப்புலம் இருக்கிறது; பூமியின் காந்தப்புலத்துக்கு ஒருமுறை துணையாக, மறுமுறை எதிராக. திசைதான் தப்பு. மேசை சுவரோரம் இருந்ததால் கம்பி கிழக்கு மேற்காகக் கிடந்தது. கம்பியை வட்டமாகச் சுற்றும் புலம் அதன் நேர் அடியில் வடக்கு தெற்காகவே அமையும். முள்ளைப் பக்கவாட்டில் தள்ள அதில் ஒன்றுமில்லை.

தெற்கிலிருந்து வடக்கே மின்சாரம் போகும்படி கம்பியைத் திருப்பி, முள்ளுக்கு 1.5 சென்டிமீட்டர் மேலே பிடித்தேன். முள் மேற்கே பாதிச் செங்கோணம் அளவுக்குப் போய் நின்றது. அப்பாடா! திரும்பி வரும் கம்பியை மட்டும் தள்ளி வையுங்கள். ஒட்டி வந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.