எக்ஸ்பாத் கோவையை ஒருமுறை கம்பைல் செய்து பல கணுக்களில் இயக்குவது எப்படி?

ஆவணத்தில் ஓர் உறுப்பைத் தேடிப் பிடிக்க, ஜாவாஸ்கிரிப்டின் குவெரிசெலக்டர் (சிஎஸ்எஸ் செலக்டரைக் கொண்டு தேடும் முறை) பெரும்பாலும் போதும் என்றாலும், "விலை 200க்கு மேல் உள்ள நூல்கள்" என்பதுபோல உறுப்புக்குள் இருக்கும் மதிப்பையே நிபந்தனையாக்கச் சிஎஸ்எஸ் செலக்டரில் வழியில்லை. 1999இல் வெளியான எக்ஸ்பாத் 1.0 என்ற தேடல் மொழியில் எழுதும் கோவை (தேடல் வரி) அந்த வேலையைச் செய்கிறது; உலாவிகளில் இன்றும் இருப்பது அதே பதிப்புதான்.

எக்ஸ்எம்எல் குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால், பயிற்சிக்குப் பின்வரும் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம்.

<நூலகம்>
<அலமாரி>
<நூல்><விலை>120</விலை></நூல்>
<நூல்><விலை>250</விலை></நூல்>
</அலமாரி>
<அலமாரி>
<நூல்><விலை>300</விலை></நூல்>
<நூல்><விலை>450</விலை></நூல்>
<நூல்><விலை>90</விலை></நூல்>
</அலமாரி>
</நூலகம்>

முதல் படியாக, இந்த உரையை உலாவியில் உள்ள டாம்பார்சர் என்ற கருவியிடம் கொடுத்து ஆவணப் பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படியாக, அந்த ஆவணத்தின் கிரியேட்எக்ஸ்பிரஷன் முறைக்குக் கீழ்க்காணும் கோவையைச் சரமாகக் கொடுங்கள்; கோவை கம்பைல் ஆவது, அதாவது இயக்கத் தயாராவது, இங்கேதான்.

.//நூல்[விலை > 200]

கோவையில் இலக்கணப் பிழை இருந்தால், தேடல் தொடங்கும் முன்பே, இந்த இடத்திலேயே பிழைச்செய்தி வந்துவிடும். (ஒரே ஒருமுறை தேடுவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை; ஆவணத்தின் இவேல்யுவேட் முறையை நேரடியாக அழைத்தாலே போதும்.)

மூன்றாம் படியாக, கிடைத்த கோவைப் பொருளின் இவேல்யுவேட் முறையை ஒவ்வோர் அலமாரிக்கும் ஒருமுறை அழையுங்கள். முதல் அளபுருவாக அலமாரிக் கணுவையும் (கணு என்பது ஆவணத்தில் உள்ள ஓர் உறுப்பு), இரண்டாவதாக விடையின் வகையைக் குறிக்கும் 7 என்ற எண்ணையும் (ஸ்னாப்ஷாட், அதாவது கிடைத்த கணுக்களின் மாறாத பட்டியல்) கொடுத்தால், விடைப் பொருளின் ஸ்னாப்ஷாட்லெங்த், அதாவது கிடைத்த கணுக்களின் எண்ணிக்கை, முதல் அலமாரிக்கு 1 என்றும் இரண்டாவதற்கு 2 என்றும் காட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது கோவையின் தொடக்கத்தில் உள்ள அந்தப் புள்ளியில்தான். அதை விட்டுவிட்டு // என்று தொடங்கினால், நீங்கள் எந்தக் கணுவைக் கொடுத்தாலும் தேடல் ஆவணத்தின் வேரிலிருந்தே தொடங்கும். ஆகவே இரண்டு அலமாரிகளுக்கும் 3 என்றே விடை வரும். பிழைச்செய்தி எதுவும் வராததால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

விடை வகைக்கு 7க்குப் பதிலாக 5 கொடுத்தால், ஸ்னாப்ஷாட்டுக்கு மாறாக, கணுக்களை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டர் கிடைக்கும். அது ஆவணத்தோடு கட்டுண்டது: சுற்றின் நடுவே ஒரு நூலை நீக்கிவிட்டு அடுத்த கணுவைக் கேட்டால், இன்வேலிட்ஸ்டேட்எரர் எழுந்து சுற்று நின்றுவிடும். ஸ்னாப்ஷாட் அப்படி முறியாது. எனவே கிடைத்த கணுக்களை நீக்கவோ இடம் மாற்றவோ போகிறீர்கள் என்றால் 7ஐயே கொடுங்கள்.